வயட் கிளர்ச்சி (1554): ரோசெஸ்டரில் ஜெயித்தவர் லண்டனுக்குள் ஏன் நுழைய முடியவில்லை?

செங்கழுநீர் (கேள்வி)

இங்கிலாந்தின் கத்தோலிக்க அரசி முதலாம் மேரி ஸ்பெயின் இளவரசர் பிலிப்பை மணக்கக் கூடாது என்று கென்ட் பகுதியில் கிளம்பிய கலகத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கதை புரிகிறது, நாட்கணக்குதான் இடிக்கிறது.

ஜனவரி 25 அன்று சர் தாமஸ் வயட் மெய்ட்ஸ்டனில் கொடி ஏற்றுகிறார். 29 அன்று ரோசெஸ்டர் பாலத்துக்கு எதிரே, ஸ்ட்ரூடில், அவரை அடக்க வந்த அரசியின் படையே உடைகிறது. லண்டன் நகரம் அனுப்பிய வெள்ளைக்கோட்டு வீரர்கள் “நாமெல்லாம் ஆங்கிலேயர்” என்று கத்திக்கொண்டு அவர் பக்கம் சேர்ந்துவிடுகிறார்கள். அங்கிருந்து லண்டன் பாலம் சுமார் 30 மைல். பீரங்கி வண்டிகளை இழுத்துக்கொண்டு போனாலும் இரண்டு நாள் போதும். ஆனால் அந்தப் பாலத்தின் தென்கரை முனையான சதர்க்கை அடைந்தது பிப்ரவரி 3. நடுவில் என்ன செய்துகொண்டிருந்தார்?

கூடவே இரண்டு சந்தேகம். திருமண ஒப்பந்தத்தைப் படித்தால் இங்கிலாந்துக்கு எல்லாமே சாதகமாக இருக்கிறது. அப்புறம் எதற்கு இவ்வளவு கோபம்? மதம்தான் உண்மைக் காரணமா? இன்னொன்று, பழைய ஆவண நகல்களில் இந்தச் சம்பவங்களுக்கு 1553 என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா?

பழுப்புத்தாள்

ஆண்டுச் சிக்கலை முதலில் தீர்த்துவிடலாம். அச்சுப்பிழை இல்லை. அப்போது இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25-ல்தான் தொடங்கும். ஆகவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரையிலான ஆவணங்கள் எல்லாம் 1553 என்றே இருக்கும். நாம் அவற்றை 1554 என்று படிக்க வேண்டும். வயட் தலை வெட்டப்பட்டது ஏப்ரல் 11, அது எந்தக் கணக்கிலும் 1554. இதைக் கவனிக்காமல் படித்தால் கலகத்துக்கும் தண்டனைக்கும் நடுவில் ஒரு வருடம் போனதாகத் தோன்றும். கிழமை சரிபார்க்க வேண்டுமென்றால் ஒரு பிடிமானம் இருக்கிறது: பிப்ரவரி 7 திருநீற்றுப் புதன். அதிலிருந்து முன்னும் பின்னும் எண்ணிக்கொள்ளுங்கள். மெய்ட்ஸ்டன் வியாழக்கிழமை, ஸ்ட்ரூட் திங்கள், சதர்க் சனி.

பெயர்க் குழப்பமும் ஒன்று உண்டு. கவிஞர் தாமஸ் வயட் இவருடைய அப்பா, 1542-லேயே இறந்துவிட்டார். கலகக்காரர் மகன்.

வடக்குவாசல்

நாட்கணக்கைப் பிரித்துப் போடுகிறேன். தோல்வி முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

29 திங்கள்: ஸ்ட்ரூட். எதிரே வந்தவர் நோர்ஃபோக் டியூக், வயது 80. மேரியிடம் நிலையான படை கிடையாது. அரண்மனைக் காவலர் கொஞ்சம், லண்டன் நகரம் கொடுத்த சுமார் 500 பேர், சில பீரங்கிகள், அவ்வளவுதான். அந்த 500 பேரின் தலைவர்களில் ஒருவரான பிரெட் என்பவரே கட்சி மாறினார். டியூக் தப்பி ஓடினார், பீரங்கிகள் வயட் கைக்கு வந்தன. மெட்வே ஆற்றில் நின்ற அரசியின் கப்பல்களிலிருந்தும் ஏற்கெனவே பீரங்கி கிடைத்திருந்தது. அன்றிரவு லண்டனுக்கும் அவருக்கும் நடுவில் சொல்லும்படியான படை எதுவும் இல்லை.

30 செவ்வாய்: நேராக மேற்கே போக வேண்டியவர், வடக்கே திரும்பி, சதுப்பு நிலத்துப் பக்கம் இருந்த கூலிங் கோட்டைக்குப் போனார். அது அவருடைய தாய்மாமன் காபம் பிரபுவின் கோட்டை. மாமன் சேருவார் என்று எதிர்பார்த்திருந்தார், அவர் சேரவில்லை. காலை 11 மணிக்குத் தொடங்கிய தாக்குதல் மாலை 5 வரை நடந்தது. பீரங்கியால் வாயிற்கதவு உடைந்ததும் காபம் பணிந்தார். கிடைத்த லாபம்: கொஞ்சம் ஆயுதம், மனசில்லாமல் கூட வந்து சீக்கிரமே கழன்றுகொண்ட ஒரு மாமன். செலவு: ஒரு முழுப் பகல்.

31 புதன்: டார்ட்ஃபோர்ட். அங்கே அரசியின் தூதர்கள் ஹேஸ்டிங்ஸும் கார்ன்வாலிஸும் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார்கள். வயட் சொன்ன பதில்தான் என் கணக்கில் மொத்தக் கலகத்திலும் பெரிய சறுக்கல். லண்டன் கோட்டை தன் வசம் வர வேண்டும், அரசியும் தன் காவலில் இருக்க வேண்டும் என்றார். அதுவரை அவருடைய அறிக்கைகள் எல்லாம் “அரசிக்குத் தீங்கு நினைக்கவில்லை, அந்நியரைத் தடுக்கவும் நல்ல ஆலோசகரை வைக்கவுமே கிளம்பினோம்” என்றுதான் இருந்தன.

பிப்ரவரி 1 வியாழன்: மேரி லண்டன் நகர மன்றமான கில்ட்ஹாலுக்குப் போய் நகரத்தார் முன்னால் பேசினார். டார்ட்ஃபோர்ட் பதிலை அப்படியே எடுத்துப் போட்டார்: பாருங்கள், இவர்களுக்குத் திருமணம் ஒரு சாக்கு, வேண்டியது என்னையும் கோட்டையையும். முடிசூட்டு மோதிரத்தைச் சொல்லி, நாட்டோடுதான் தனக்கு முதல் மணம் என்றார். இந்தத் திருமணம் நாட்டுக்கு நன்மை என்று நாடாளுமன்றம் கருதாவிட்டால் மணக்கவே மாட்டேன் என்றும் வாக்குக் கொடுத்தார். ஆலோசகர்கள் தயங்கிக்கொண்டிருந்தபோது அவர் எடுத்த முடிவு இது. அதற்குப் பிறகு நகரத்தில் ஆள் சேர்ப்பது சுலபமாகிவிட்டது.

1-ம் தேதி மாலையிலிருந்து 3-ம் தேதி காலை வரை வயட் டெட்ஃபோர்டில். லண்டன் பாலத்திலிருந்து நாலு மைல்கூட இல்லை. அங்கே ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் வீணாய்ப் போனது.

3 சனி: சதர்க். அதற்குள் பாலத்தின் தூக்குப்பகுதியை வெட்டி விட்டார்கள், கதவு மூடி, பீரங்கி வைத்து, வில்லியம் ஹவர்ட் பிரபு காவல். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

செங்கழுநீர்

அருமை. சதர்க்கில் மூன்று நாள் உட்கார்ந்தவர் ஏன் வேறு வழி தேடவில்லை? படகில் ஆற்றைக் கடந்திருக்கலாமே?

வடக்குவாசல்

படகுகளை எல்லாம் வடகரைக்கு இழுத்துவிட்டார்கள். கையில் இருந்தவர்கள் சுமார் 3000 பேர். எதிர்க்கரையில் ஆயுதத்தோடு ஆள் நிற்கும்போது அகலமான ஆற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடப்பது தற்கொலை. அப்போது லண்டன் பாலத்துக்கு மேற்கே தேம்ஸ் நதியில் அடுத்த பாலம் கிங்ஸ்டன்தான். அதற்குப் போனால் தென்கரையில் ஏறி, வடகரையில் திரும்பி வர வேண்டும். அதனால்தான் உள்ளேயிருந்து நண்பர்கள் பாலத்தைத் திறப்பார்கள் என்று காத்திருந்தார்.

சதர்க் மக்கள் முதலில் நல்லபடியாகவே வரவேற்றார்கள். வயட்டும் கொள்ளை கூடாது என்று கட்டளை போட்டிருந்தார். ஆனால் அரசியின் முதன்மை அமைச்சர் கார்டினர் வின்செஸ்டர் ஆயருமாவார்; அவருடைய மாளிகை சதர்க்கில்தான் இருந்தது. கலகக்காரர் அதற்குள் புகுந்து நூலகத்தைக் கிழித்த கிழியில், முழங்கால் அளவுக்குத் தாள்கள் கிடந்தன என்று அக்கால வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. பூட்டுகளைக்கூட விடவில்லை. அதற்குள் ஆற்றுக்கு அக்கரையில் லண்டன் கோட்டையின் பீரங்கிகள் சதர்க்கைப் பார்த்துத் திரும்பின. வீடு வாசல் போய்விடும், தயவுசெய்து கிளம்புங்கள் என்று ஊர்க்காரர்களே கெஞ்சினார்கள்.

6 செவ்வாய்க்கிழமை காலை கிளம்பி, மாலை 4 மணிவாக்கில் கிங்ஸ்டன். அங்கேயும் பாலத்தில் சுமார் 30 அடி உடைத்துப் போட்டிருந்தார்கள். அக்கரைக் காவலர் பீரங்கி வெடித்ததும் ஓடிவிட்டார்கள். நீந்தத் தெரிந்த சிலர் போய் அந்தக் கரையிலிருந்து படகுகளை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். படகை இடைவெளியில் நிறுத்தி, ஏணியையும் பலகையையும் கட்டி, பாதை போட்டு, படை கடக்க இரவு 10 மணிக்கு மேல் ஆனது. பிறகு சேற்றில் இரவு நடை.

திட்டம் என்னவென்றால் விடிவதற்குள் நகர வாசலை அடைவது. உள்ளேயிருந்த ஆதரவாளர்களுக்கும் அந்த நேரம்தான் சொல்லப்பட்டிருந்தது. வழியில் ஒரு பெரிய பீரங்கியின் வண்டி முறிந்தது. அதை விட்டுவிட்டுப் போவோம் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். வயட் கேட்கவில்லை, அதைத் திரும்ப ஏற்றும்வரை நின்றார். நேரம் போனது. சர் ஜார்ஜ் ஹார்பர் என்ற கூட்டாளி இருட்டோடு நழுவி, அரண்மனைக்குப் போய்ச் சேதி சொல்லிவிட்டார். இந்த ஹார்பர் ஸ்ட்ரூடுக்கு முன்பே ஒருமுறை வயட்டை விட்டு ஓடி, அரசியின் படையோடு வந்து, மறுபடி வயட்டிடம் சேர்ந்த ஆள். அவரைத் திரும்பச் சேர்த்ததே தப்பு.

7 புதன்: முழு வெளிச்சத்தில், தூக்கமும் சோறும் இல்லாத ஆட்களோடு வந்தார். பெம்ப்ரோக் பிரபு படையை ஹைட் பார்க், செயின்ட் ஜேம்ஸ் பக்கம் நிறுத்தியிருந்தார். அவர்கள் நேருக்கு நேர் மோதவில்லை. வயட்டின் முன்வரிசையைப் போகவிட்டு, குதிரைப்படையால் நடுவில் வெட்டிப் பின்வரிசையைப் பிரித்துவிட்டார்கள். பிரிந்த ஒரு கூட்டம் வைட்ஹால் அரண்மனை வாசல் வரை போய் அம்பு எய்தது. உள்ளே ஒரே கூச்சல். மேரியைப் படகேறித் தப்பச் சொன்னார்கள். அவர் அசையவில்லை. வயட் மட்டும் சாரிங் கிராஸ், ஃப்ளீட் தெரு வழியாக லட்கேட் வாசல் வரை போய்க் கதவைத் தட்டினார். உள்ளே ஹவர்ட். துரோகிக்கு இங்கே இடமில்லை, போ என்று பதில். எதிரே பெல் சாவேஜ் என்ற சத்திரம். அதன் வாசல் பலகையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பிறகு திரும்பி டெம்பிள் பார் வரை வந்து, அங்கே ஒரு கட்டியக்காரர் சொல் கேட்டு, சர் மாரிஸ் பெர்க்லியிடம் சரணடைந்தார்.

ஏட்டுச்சுவடி

வடக்குவாசல் எழுதிய நாட்கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேகம்தான் எல்லாம் என்ற முடிவு எனக்கு ஒப்பவில்லை. கலகம் தோற்றது ஜனவரி 21-ல், ஒரு குண்டு வெடிப்பதற்கு முன்பே.

திட்டத்துக்கு நாலு கால்கள். கென்டில் வயட், டெவனில் சர் பீட்டர் கெரு, லெஸ்டர்ஷயரில் சஃபோக் டியூக், வேல்ஸ் எல்லையில் சர் ஜேம்ஸ் க்ராஃப்ட். நாலு பக்கமும் ஒரே நாளில் எழுந்து லண்டனை நெருக்க வேண்டும். பிரெஞ்சுத் தூதர் நோவாயுடன் பேச்சு நடந்தது, ஆங்கிலக் கால்வாயில் பிரெஞ்சுக் கப்பல்கள் பிலிப் வரும் வழியை மறிக்க வேண்டும். குறித்த நாள் குருத்தோலை ஞாயிறு, அதாவது மார்ச் 18. சாலை காய்ந்திருக்கும், கடலும் அடங்கியிருக்கும்.

மேரியை இறக்கிவிட்டு யாரை அரியணையில் வைப்பது? மேரியின் தங்கை எலிசபெத்தை, அவருக்குக் கணவனாக டெவன் ஏர்ல் எட்வர்ட் கோர்ட்னியை. இந்தக் கோர்ட்னி 12 வயதுவாக்கில் லண்டன் கோட்டைச் சிறைக்குள் போய் 15 வருடம் கழித்து 1553-ல் வெளியே வந்தவர். அரசகுல ரத்தம் உண்டு, உலகம் தெரியாது. ஜனவரி 21-ல் கார்டினர் கூப்பிட்டு விசாரித்ததும் கொட்டிவிட்டார். எட்டு வாரம் முன்னதாக, நடுக்குளிரில் கிளம்ப வேண்டிய கட்டாயம் அப்படி வந்தது.

விளைவு: டெவனில் கெருவுக்கு ஆள் சேரவில்லை, வயட் கொடி ஏற்றிய அதே 25-ம் தேதி அவர் கப்பலேறி பிரான்ஸுக்குப் போய்விட்டார். க்ராஃப்ட் எழவே இல்லை. சஃபோக் டியூக்குக்குச் சேர்ந்தவர்கள் 150 பேரைத் தாண்டவில்லை. கவன்ட்ரி நகரம் கதவைச் சாத்தியதும் ஆட்களைக் கலைத்துவிட்டு ஆஸ்ட்லியில் ஒளிந்து பிடிபட்டார். ஆக நாலில் ஒரு கால். கென்டிலேயேகூட முழு ஆதரவு இல்லை. ஷெரிஃப் சவுத்வெல்லும் ஏபர்கவென்னி பிரபுவும் எதிர்த்து நின்று, 28-ல் ரோதம் பக்கம் ஐஸ்லியின் கலகப் பிரிவைச் சிதறடித்தார்கள். அந்த 500 பேர் வயட்டிடம் வந்து சேரவேயில்லை.

வடக்குவாசல்

நாலு கால் கணக்கு சரி. ஆனால் ஒற்றைக் காலிலேயே 29-ம் தேதி அவர் வெற்றிக்குப் பக்கத்தில் நின்றார் என்பதை மறக்க வேண்டாம். லண்டன்காரர்கள் அனுப்பிய ஆட்களே மாறினார்கள் என்றால், நகரத்துக்குள் மனநிலை எப்படி இருந்திருக்கும்? 31-ம் தேதி காலை அவர் சதர்க்கில் இருந்திருந்தால் கில்ட்ஹால் பேச்சு நடந்திருக்காது, தூக்குப்பாலமும் வெட்டப்பட்டிருக்காது. அந்த நிலையில் ஹவர்ட் கதவைப் பிடித்திருப்பாரா என்பது சந்தேகமே.

ஏட்டுச்சுவடி

சரி, அதில் உடன்படாமலே இருப்போம். ஒப்பந்தக் கேள்விக்கு வருகிறேன்.

ஜனவரி 12-ல் கையெழுத்தான ஒப்பந்தம் தாளில் நன்றாகத்தான் இருக்கிறது. பிலிப்புக்கு அரசர் பட்டம் உண்டு, ஆனால் பதவிகளில் அந்நியரை வைக்கக் கூடாது. பிரான்ஸுடன் அவருடைய குடும்பம் நடத்தும் போருக்குள் இங்கிலாந்தை இழுக்கக் கூடாது. மேரி பிள்ளையில்லாமல் இறந்தால் அவருக்கு எந்த உரிமையும் இல்லை. பிள்ளை பிறந்தால் இங்கிலாந்தோடு நெதர்லாந்துப் பகுதிகளும் சேரும். இதைவிட என்ன வேண்டும்?

மக்கள் கேட்டது வேறு: மீறினால் யார் தடுப்பது? மனைவி கணவனுக்குக் கீழ் என்பது அக்காலச் சட்டம், அக்கால மதம். ஆளும் அரசி மணந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் முன்மாதிரியே இல்லை. 1553 நவம்பர் 16-ல் நாடாளுமன்றக் குழு போய், உள்நாட்டில் ஒருவரை மணக்கச் சொன்னபோது மேரி கோபப்பட்டு அனுப்பிவிட்டார். அவர் அதற்கு முன்பே, அக்டோபர் 29-ல், பிலிப்பின் அப்பாவான பேரரசர் ஐந்தாம் சார்லஸின் தூதர் ரெனார் முன்னிலையில் பிலிப்பை மணப்பதாக நற்கருணை முன் சத்தியம் செய்திருந்தார். ஒப்பந்தம் பேச வந்த தூதுக்குழுவுக்கு ஒரு நாள் முன்னதாக, ஜனவரி 1-ல் வந்த அதன் பரிவாரத்தை லண்டன் பையன்கள் பனிக்கட்டி உருண்டையால் அடித்தார்கள்.

மக்கள் சந்தேகம் வீண் இல்லை. ஒப்பந்தத்தின் ஷரத்துகள் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று பிலிப் ஜனவரி 4-லேயே வயாதோலிதில் ரகசியமாக ஒரு மறுப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டு வைத்திருந்தார். 1557-ல் இங்கிலாந்து பிரான்ஸுடன் போருக்குப் போனது, 1558 ஜனவரியில் பிரான்ஸில் இங்கிலாந்து வசம் இருந்த கலே துறைமுகம் பறிபோனது.

வயட் இந்தப் பயத்தைத் திறமையாகவே பயன்படுத்தினார். மெய்ட்ஸ்டன் அறிக்கையைப் பாருங்கள்: ஸ்பானியர் 100 பேர் டோவரில் இறங்கிவிட்டார்கள், பத்துப் பேர், ஆறு பேர், நாலு பேர் என்று பிரிந்து, கவசமும் துப்பாக்கியும் கொளுத்திய திரியுமாக லண்டனை நோக்கிப் போகிறார்கள் என்கிறது. அப்படி யாரும் வரவில்லை. ஆனால் அந்த எண்ணிக்கையும் அந்தத் திரியும்தான் சந்தைநாள் கூட்டத்தை நம்பவைத்தவை.

மதம் பற்றி: தலைவர்களில் பலர் புராட்டஸ்டன்ட் சாய்வுள்ளவர்கள், மெய்ட்ஸ்டன் அந்தச் சமயத்துக்குப் பேர்போன ஊர். ஆனால் அறிக்கையில் மதம் கிடையாது. மதத்தை இழுத்தால் பலருடைய மனம் நம்மைவிட்டு விலகிவிடும் என்று வயட் ஒரு ஆதரவாளரிடம் சொன்னதாக ப்ராக்டர் எழுதுகிறார். இந்த ப்ராக்டர் டான்பிரிட்ஜ் பள்ளி ஆசிரியர், கத்தோலிக்கர், அரசி பக்கம். கலகம் நடந்த அதே ஆண்டில் வரலாற்றை அச்சிட்டவர். கலகம் முழுக்க மதவெறி, திருமணம் ஒரு போர்வை என்று காட்டுவது அவருக்குத் தேவை. அதேபோல ரெனாரின் கடிதங்களும் மதத்தையே பழிக்கின்றன, ஏனென்றால் திருமணத்தின்மேல் வெறுப்பு என்று ஒத்துக்கொண்டால் அவருடைய வேலைக்கே ஆபத்து. ஆகவே இந்த இருவரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள். என் கருத்து: தலைவர்களுக்கு மதமும் சேர்ந்தே இருந்தது, பின்னால் வந்தவர்களை நடக்கவைத்தது ஸ்பானியர் பயம்.

செங்கழுநீர்

ஒப்பந்த விஷயம் இப்போது விளங்குகிறது. எலிசபெத்துக்கு எவ்வளவு தெரியும்? ஆதாரம் ஏதாவது கிடைத்ததா?

பழுப்புத்தாள்

அரசுக் குழு கையில் இருந்தவை மூன்று. வயட் அவரை டானிங்டன் கோட்டைக்குப் போகச் சொல்லிக் கடிதம் எழுதியது, பதிலை எலிசபெத் எழுத்தில் தராமல் ஆள் மூலம் வாய்மொழியாகச் சொல்லியனுப்பியது, அவர் மேரிக்கு எழுதிய ஒரு கடிதத்தின் நகல் நோவாயின் தபால் பையில் சிக்கியது. சந்தேகத்துக்குப் போதும், தண்டனைக்குப் போதாது. 1553-ல் மேரியின் முதல் நாடாளுமன்றமே தேசத்துரோகத்தின் வரையறையை 1352 சட்டத்தின் அளவுக்குச் சுருக்கிவிட்டது. அதன்படி வெளிப்படையான செயல் காட்ட வேண்டும்.

மார்ச் 17-ல் கோட்டைக்குக் கொண்டுபோக வந்தபோது அரசிக்கு ஒரு கடிதம் எழுத அனுமதி கேட்டார். எழுதி முடிப்பதற்குள் நதியில் ஏற்றநீர் மாறிவிட்டது, அன்று படகு போக முடியவில்லை. இரண்டாம் பக்கத்தில் எழுத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே மிஞ்சிய வெற்றிடம் முழுவதும் குறுக்குக் கோடுகள் இழுத்திருக்கிறார், யாரும் ஒரு வரி சேர்த்துவிடக் கூடாது என்று. மறுநாள் சிறை. அந்த மறுநாள் குருத்தோலை ஞாயிறு, கலகத்துக்கு முதலில் குறித்த நாள். வயட் வெட்டுமேடையிலும் எலிசபெத்துக்கும் கோர்ட்னிக்கும் இதில் தொடர்பில்லை என்றே சொல்லிவிட்டுப் போனார். மே 19-ல் எலிசபெத்தை வுட்ஸ்டாக்குக்கு மாற்றி வீட்டுக்காவலில் வைத்தார்கள்.

விலை கொடுத்தவர் ஜேன் கிரே, 1553-ல் மேரிக்கு முன் சில நாள் அரசியாக்கப்பட்டு, பிறகு சிறையில் இருந்தவர். கலகத்தில் அவருக்குப் பங்கே இல்லை. அப்பா சஃபோக் டியூக் சேர்ந்ததால் பிப்ரவரி 12-ல் கணவரோடு தலை போனது, அப்பாவுக்கு 23-ல். சாதாரண வீரர்களில் நூறு பேர் அளவில் தூக்கிலிட்டார்கள். மீதிப் பேரில் நானூறு பேருக்கு மேல் கழுத்தில் கயிற்றோடு வைட்ஹாலில் அரசி முன் மண்டியிட்டு மன்னிப்பு வாங்கினார்கள்.

ஏட்டுச்சுவடி சொன்ன ஆதாரச் சிக்கலுக்கு இன்னொரு வழி இருக்கிறது: சர் நிக்கோலஸ் த்ராக்மார்ட்டன் வழக்கின் கேள்வி பதில்களைப் படியுங்கள். ஏப்ரல் 17-ல் அவர் வக்கீல் இல்லாமல் தானே வாதாடி, வெறும் பேச்சு 1352 சட்டத்தின் கீழ் துரோகம் ஆகாது என்று நின்றார். ஜூரி விடுதலை செய்தது. அரசு ஜூரிகளைப் பிடித்துச் சிறையில் போட்டுக் கடும் அபராதம் விதித்தது. த்ராக்மார்ட்டனையும் உடனே வெளியே விடவில்லை. லண்டன் நகரம் அந்த வசந்தத்தில் எந்தப் பக்கம் இருந்தது என்பதற்கு ப்ராக்டரைவிட அந்தப் பன்னிரண்டு பேர் நம்பகமான சாட்சி. மேரி–பிலிப் திருமணம் மூன்று மாதம் கழித்து, ஜூலை 25-ல், லண்டனில் நடக்கவில்லை, வின்செஸ்டரில் நடந்தது.